நானூற்றெட்டுக் கோடிச் சொச்சம்

"பாபு நம்பரு உனக்குத் தெரியாதாம்மா?"

ரத்னம்மா கேட்டாள். யமுனா முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "தெரியாதும்மா. அவனோட பழக்கமெல்லாம் காலேஜோட சரி" என்றாள்.

கார்வேட்டிநகரத்திலிருந்து பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வந்திருந்தாள் ரத்னம்மா. மகன் பாபு ஒய்டூகே சமயத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனவன். அவன் போன் நம்பர் எழுதிய சீட்டை மேஜைமேல் வைத்தாள். 408 555 01, அப்புறம் ஒரு கறை, கடைசியில் 6.

"ஒரு நம்பரு அழிஞ்சிபோச்சி. இன்னிக்கி அவன் பொறந்த நாளு. எப்பவும் அவனாத்தான் கூப்புடுவான், இந்த ஒரு வாட்டி நானே பேசணும்னு மனசு அடிச்சிக்கினு கீது. நீ கணக்கு டீச்சராச்சே, எதனா பண்ணு தாயி."

ஞாயிறுதோறும் அந்த நம்பரைச் சுற்றிச் சுற்றி யமுனாவின் விரலே தேய்ந்திருந்தது. ஆனால், "எங்கம்மாகிட்ட நானே வந்து சொல்றேன், அதுவரைக்கும் மூச்சு விடாதே" என்று பாபு சத்தியம் வாங்கியிருந்தான். சொன்னால் குட்டு உடையும். சொல்லாவிட்டால் இந்தம்மா வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டும், பாவம். யோசித்தவளுக்கு ஒரு வழி தோன்றியது.

"இதை ஒரே எண்ணா படிச்சா நானூத்தியெட்டுக் கோடிச் சொச்சம்மா."

"அத்தினி கோடியா?"

"ஒம்போதால மீதியில்லாம வகுபடற எண்ணு. அப்படின்னா இலக்கத்தையெல்லாம் கூட்டினா வர்றதும் ஒம்போதால வகுபடணும். இங்க இருக்கிறதைக் கூட்டினா முப்பத்திநாலு. முப்பத்தாறு ஆகணும். அழிஞ்சது ரெண்டு."

பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நம்பரைச் சுற்றினார்கள். நாலாவது மணியில் "ஹலோ" என்றான் பாபு. ரத்னம்மா பேசினாள், சிரித்தாள், நடுவில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் யமுனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என் வயித்துல பால வார்த்த தாயி. நீ நல்லா இருக்கணும்."

"நான் என்னம்மா பண்ணேன், எல்லாம் கணக்குதான்."

"நான் படிக்காதவதான். ஆனா ஒரு எண்ணு முழுசாத் தெரியாம, அது ஒம்போதால வகுபடும்னு மட்டும் உனக்கு எப்டி தெரிஞ்சிது?"

யமுனா கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"பாத்த பொண்ணையெல்லாம் வாணாம்னுட்டான். மனசுல இருக்கிறது யாருன்னு கேட்டா வாயத் தொறக்கல. கூடப் படிச்ச நாலு பொண்ணுங்ககிட்ட இந்தச் சீட்ட நீட்டினேன். எல்லாரும் கைய விரிச்சிட்டாங்க."

தன் கொண்டையிலிருந்த கனகாம்பரத்தைக் கிள்ளி யமுனாவின் தலையில் வைத்தபடி ரத்னம்மா சொன்னாள்: "ஏழுமலையான் புண்ணியம், எம் மருமவ கணக்குல கெட்டி. அந்த ரெண்ட எச்சி தொட்டு அழிச்சதே நான்தான்."