ஒன்பதை அழுத்தவும்

"ஆம்புலன்ஸ் உள்ள வர்றதுக்கு கேட்டுல அவங்க மட்டும் திறக்கிற மாதிரி ஒரு சாவிப் பெட்டி வைக்கணும்னு நகராட்சி சொல்லுது, தலைவரே," என்றாள் கூட்டத்தில் பக்கத்து வீட்டு டார்லீன். எங்கள் ஃபுளோரிடா குடியிருப்புக்கு நான்தான் தலைவன்.

"எதுக்கு, திருடன் வர்றதுக்கா? கேட்டுலேர்ந்து கூப்பிட்டா, அந்த வீட்டுக்காரங்க சுவர் போனை எடுத்து ஒன்பதை அழுத்தினா கேட்டு திறந்துடும். அதுகூடவா முடியாது?" என்று மடக்கினேன். கைதட்டல் வேறு. பெட்டி வேண்டாமென்று முடிவானது.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே சைரன் அலறியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டார்லீன் கத்தினாள். "உங்க போன்தான் அடிக்குது, தலைவரே. ஒன்பதை அழுத்துங்க. அதுகூடவா முடியாது?"

முடியவில்லை. போன் சமையலறையில் இருந்தது. நான் இடுப்பு முறிந்து குளியலறையில் கிடந்தேன். விழுந்ததும் தானாகவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட என் புத்திசாலிக் கைக்கடிகாரத்துக்கும் ஒன்பதை அழுத்தத் தெரியவில்லை.