துடைக்காத ஜன்னல்

"சீ! மனுஷங்க குடியிருக்கிற வீடா இது?" டாக்டருக்கு வீடு காட்ட வந்த பக்கத்து வீட்டு டெனிஸ் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

லோர்னா டீகின் வீட்டு ஜன்னல் திட்டில் விரலால் பெயர் எழுதலாம். அவ்வளவு தூசி. அதில் புதைந்தபடி ஏழெட்டு ஈக்கள் செத்துக் கிடந்தன. திரைச்சீலை ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்தது என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள்.

பின்னால் வந்த டாக்டர் கெஸ்ஸல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். ரசாயனங்களால் உடம்புக்கு என்ன கேடு வரும் என்று கணக்கிட்டுச் சொல்லும் நச்சியல் நிபுணர். காரீயம் உருக்கும் உலை நிர்வாகம் ஆறு மாதத்துக்கு முன்னால்தான் அவரைச் சிட்னியிலிருந்து வரவழைத்தது.

"இந்தத் தெருவுல இப்படி ஒரு வீடு இருக்கும்னு நினைக்கலை" என்றார்.

"நாங்க அப்படி இல்ல டாக்டர்! நீங்க வரப்போறதா லெட்டர் வந்த அன்னிக்கே தெரு மொத்தமும் முட்டி போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சிட்டோம். உலைக்காரன் பொண்டாட்டின்னா அழுக்குன்னு நாளைக்கு யாரும் பேசிடக் கூடாது பாருங்க. இவங்க ஒரு வருஷம் முன்னாடி வந்து தெரு மானத்தையே வாங்கிட்டாங்க."

லோர்னா வந்த அன்றே தெருவில் பேச்சுதான். இந்த ஊரை விட்டுப் போக வழி தெரியாமல் பாதிப் பேர் தவிக்கிறார்கள். மெல்போர்னில் சொந்த வீட்டை விற்றுவிட்டு இங்கே யாராவது குடிவருவார்களா?

டெனிஸுக்கு வேறு கவலை. மகள் டில்லிக்கு மூன்று வயது. குழந்தையின் ரத்தத்தில் ஏறிய காரீயம் இறங்கவே மாட்டேன் என்கிறது. தெரு வீடுகளின் தூசியில் காரீயம் சராசரியாக அளவு மீறினால்தான் நிர்வாகம் தோட்டத்து மண்ணை அள்ளிவிட்டுப் புது மண் போடும், கூரைக்குள் சேர்ந்ததை உறிஞ்சி எடுக்கும்.

லோர்னா குடிவருவதற்கு முன்பே மூன்று முறை சோதனை நடந்திருக்கிறது. மூன்று முறையும் யாரோ வந்து தூசியை எடுத்துப் போனார்கள். 'அபாயம் இல்லை' என்று மெல்போர்னிலிருந்து அறிக்கை வந்தது. எழுதிய நிபுணரின் பெயரையோ முகத்தையோ இந்த ஊரில் ஒருவரும் அறிந்ததில்லை.

டாக்டர் வேண்டாவெறுப்பாகப் பெட்டியைத் திறந்து ஈரத்துணியை எடுத்தார்.

"கையுறையை மாத்துங்க டாக்டர்" என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த லோர்னா. "முந்தின வீட்டுல போட்டிருந்ததையே போட்டிருக்கீங்க. ஒரு ஜன்னலுக்கு ஒரு ஜோடி."

டெனிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குப்பைக்கு நடுவுல உட்கார்ந்துகிட்டு சுத்தத்தைப் பத்திப் பேச வெக்கமா இல்ல உங்களுக்கு?"

டாக்டர் கையுறையை மாற்றினார். திட்டின் மேல் சதுரச் சட்டத்தை வைத்து ஒரு முறை துடைத்தார். துணி தார் மாதிரி கறுத்துவிட்டது. காரீயம் அளக்கும் கையடக்கக் கருவியில் வைத்துப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"இந்த வீட்டைக் கணக்குல சேர்க்க முடியாது. மத்த எல்லா வீடும் நல்லா இருக்கு. இது ஒண்ணு சேர்ந்தா தெருவோட அளவே எகிறிடும். பராமரிப்பு இல்லாத வீடுன்னு எழுதி விலக்கிடறேன்."

"எழுத முடியாது" என்றாள் லோர்னா. "வீட்டுக்காரங்க கதவைத் திறக்க மறுத்தா மட்டும்தான் விலக்கலாம். நான் திறந்து விட்டேன்."

"அம்மா, பெருக்காம வச்சிருந்தா தூசி இருக்கத்தான் செய்யும்."

"இந்தத் தூசி எங்கேருந்து வந்துச்சு? நான் காரீயம் உருக்கறேனா?" லோர்னா எழுந்து வந்தாள். "பக்கத்து வீட்டு ஜன்னலை எப்பத் துடைச்சாங்க, கேட்டீங்களா? டெனிஸ், நீயே சொல்லு."

"இன்னிக்குக் காலையில" என்றாள் டெனிஸ் பெருமையாக. "ரெண்டு வாரமா தினமும்."

"அப்ப டாக்டர் அளந்தது இன்னிக்குக் காலையிலேருந்து விழுந்த தூசியை மட்டும்தான். உன் பொண்ணு வருஷம் பூரா தவழ்ந்து, தொட்டு, விரல்ல வச்சு சப்பினது இது. நல்லாப் பாரு."

டெனிஸ் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"மூணு தடவை" என்றாள். "மூணு தடவையும் நானேவா என் பொண்ணுக்கு எதிரா துடைச்சு வச்சேன்?"

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். அவர் சாப்பிட வேண்டும் என்று காலையில்தான் லாமிங்டன் கேக் செய்து கொடுத்திருந்தாள்.

"தெரிஞ்சேதான் லெட்டர் போடறீங்களா? த்தூ! இதெல்லாம் ஒரு பொழப்பா?"

"ஐயோ, நான் இல்லீங்க" என்று பதறினார் டாக்டர். "ரெண்டு வாரம் முன்னாடி லெட்டர் போடணும்கிறது எனக்கு முன்னாடி இருந்தவங்க கொண்டு வந்த முறை. அதுவும் ஒரு மரியாதைக்காகத்தான். நீங்க இப்படி விழுந்து விழுந்து துடைப்பீங்கன்னு மெல்போர்ன்ல உட்கார்ந்திருந்த அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

லோர்னா டெனிஸின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"தெரியும். தெரிஞ்சுதான் அந்த லெட்டரை எழுதினேன்."