அறுக்காத கயிறு

கஞ்சா வைத்திருந்தது ஒரு வழக்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது இன்னொரு வழக்கு என்று சொல்லிவிட்டு, லோகேஷின் செல்போனையும் பெல்ட்டையும் ஏட்டு மேசைமேல் வைத்தார். கடைசியாக அவனுடைய கறுப்பு அரைஞாண் கயிற்றை வைத்தார். அவன் அம்மா தவமணி அதைச் சட்டென்று கையில் எடுத்தாள். அந்தக் கயிற்றைப் பிணத்தின் இடுப்பிலிருந்துதான் அறுப்பார்கள். அவள் புருஷனுக்கு அப்படித்தான் அறுத்தார்கள்.

“உசுரோட இருக்கிற பிள்ளைக்கு இத எதுக்குய்யா அறுத்தீங்க?”

“லாக்கப்புல கயிறு எதுவும் இருக்கக் கூடாதும்மா. ஆனா அறுக்கல. லேசா இழுத்தோம், தானா கீழ இறங்கிடுச்சு,” என்றார் ஏட்டு ஆறுதலாக.

போகியன்று அவள்தான் கட்டிவிட்டாள். இறுக்குதும்மா என்று அவன் நெளிந்தான். இது ஆடி மாதம். இடையில் இந்த ஆறு மாதமும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். அன்று போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. நகத்தால் நெம்பியும் அசையவில்லை. வட்டத்துக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, போகியன்று அவன் இடுப்பு இருந்த அகலத்துக்கு விரித்துப் பிடித்தாள். பஸ் வந்து நின்றது, போனது. அவள் கைகளைத் தளர்த்தவில்லை.