இழுக்காத காந்தம்

"ரெண்டு பேரும் சண்டையப் பெறகு போடுங்க. கண்ணுல கெடக்கிறத மொதல்ல எடுங்கய்யா."

மடியிலிருந்த அலுமினியத் தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார் பிரம்மநாயகம். எதிரே மேசையில் அவர் மருமகன் கணேசபாண்டியன் மல்லாந்து கிடந்தான். வலது கண் தக்காளிபோலச் சிவந்து வீங்கியிருந்தது. அதற்கு நேர் மேலே, ஒரு நீளமான கையின் நுனியில், மின்சாரக் காந்தம் தொங்கியது.

பம்பாய் மாட்டுங்காவின் கண் டாக்டர் சந்திரமௌலியும் குர்லா பட்டறை இஞ்சினியர் வேங்கடசுப்ரமணியனும் சேர்ந்து செய்த யந்திரம் அது. யுத்தம் வந்ததிலிருந்து பட்டறையில் லேத் ஓயாமல் ஓடியது. வாசலில் மடியைத் தடவிப் பார்த்துத்தான் ஆளை வெளியே விட்டார்கள். அப்படி வெளியே வருகிறவர்களில் கண்ணில் இரும்புத் துகளோடு வருகிறவனுக்கும் குறைவில்லை. அவர்களுக்காக இஞ்சினியர் கம்பி சுற்றினார். முனை எப்படி இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஸ்விட்சைத் தட்டினால் துகள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படிப் பார்வை தப்பியவர்கள் தாராவியிலேயே இருந்தார்கள்.

அந்த நம்பிக்கையில்தான், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சோறு கொண்டுபோனபோது லேத்தடியில் அடிபட்டுக் கிடந்த மருமகனைக் குதிரை வண்டியில் போட்டு இங்கே கொண்டுவந்தார் பிரம்மநாயகம். தன் பட்டறை ஆளாயிற்றே என்று இஞ்சினியரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

இன்றைக்கென்று பார்த்து யந்திரம் மசியவில்லை.

"வலிக்கறதா?" என்று மறுபடி கேட்டார் டாக்டர். துகள் அசைந்தால் கண்ணில் சுருக்கென்று குத்த வேண்டும்.

"இல்லய்யா" என்றான் கணேசபாண்டியன்.

டாக்டர் இஞ்சினியர் பக்கம் திரும்பினார். "உம்ம காந்தத்துக்குத் தெம்பு போயிடுத்து ஓய்."

"முனையை ஊசியா ராவித் தாரும்னு கேட்டது யாரு? மெலிஞ்ச முனை எட்டி இழுக்காதுன்னு அன்னிக்கே தலையால அடிச்சுண்டேன்."

"உலக்கை மாதிரி முனையைக் கண்ணுகிட்ட எப்படி ஐயா கொண்டு போறது? நீர் இரும்பைப் பார்க்கறீர். நான் கண்ணைப் பார்க்கறேன்."

பேச்சு தடித்தது. இனிமேல் உம்மோடு சேர்ந்து ஒரு திருகாணிகூடச் செய்ய மாட்டேன் என்றார் இஞ்சினியர். அப்படியானால் இந்தத் தகரக் குப்பையை இப்போதே தூக்கிக்கொண்டு போம் என்றார் டாக்டர்.

படித்தவன் எவனையும் பிரம்மநாயகம் நம்பியதில்லை. தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று கால் வெந்துபோன மனிதர். ஒற்றைக் கண்ணனை எந்தப் பட்டறை லேத்தில் நிறுத்தும்? மகள் பேராச்சி பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பாள்?

"ஒருத்தரு கண்ணப் படிச்சிருக்காரு, ஒருத்தரு இரும்பப் படிச்சிருக்காரு. ரெண்டு படிப்புஞ் சேந்து ஒரு தூள எடுக்க முடியல. எங்க கிடங்குல மாட்டுத்தோலுல ஏறுன முள்ளக் கூலிக்காரி பேசிக்கிட்டே புடுங்கிப் போடுதா."

"மாமா..." கணேசபாண்டியனின் நல்ல கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. "நான் சொல்லிருதேன் மாமா."

"நீரு ஒண்ணும் சொல்லாண்டாம். பேசாமக் கெடயும். இவுககிட்ட நாம் பேசிக்கிடுதேன்."

பெரியவரின் மடியில் சட்டி சாய்ந்திருப்பதைப் பார்த்த டாக்டரின் கம்பவுண்டர், சட்டியைக் கீழே வைத்தால்தான் என்ன, சோறு கொட்டிவிடப் போகிறது என்றார். மருமவன் இன்னும் சாப்பிடவில்லை, ஒம்ம சோலியப் பாரும் என்று அவருக்கும் ஒரு வெட்டு விழுந்தது.

இதற்குள் இஞ்சினியருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "தெம்பு இல்லையா? இப்பப் பாரும்." காந்தத்தின் கையைப் பிடித்து மேசைக்கு அப்பால், பிரம்மநாயகம் உட்கார்ந்திருந்த பக்கம் இழுத்துத் திருப்பினார். மின்சாரத்தை முழுசாகத் திறந்துவிட்டார்.

தட்டிலிருந்த கத்தரிக்கோல் எகிறிப் போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அதே நேரம் பிரம்மநாயகத்தின் மடியில் சட்டி ஓர் ஆட்டம் ஆடியது. உள்ளேயிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம்.

"சோறு மணியடிக்குமோ?" என்றபடி மூடியைப் பிடுங்கினார் இஞ்சினியர்.

மணிதான். கடைசல் எண்ணெய்கூடத் துடைக்காத புது மணி. தாராவி முப்பிடாதி அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் பிரம்மநாயகம் நேர்ந்துகொண்டு, மருமகனைக் கடையச் சொன்னது. கம்பெனி லேத்தில் சொந்த வேலை செய்தால் வேலை போகும். யுத்த காலத்தில் ஜெயிலும் உண்டு. இஞ்சினியர் அதையெல்லாம் பேசவில்லை. மணியைக் காந்தத்தருகே கொண்டுபோனார். அதன் இரும்பு நாக்கு பாய்ந்து ஒட்டிக்கொண்டது. பித்தளைக் கிண்ணம் ஒட்டாமல் சும்மா தொங்கியது.

டாக்டர் மணியைப் பார்த்தார். மேசையில் கிடந்தவனைப் பார்த்தார். "கண்ணுல இருக்கறதும் இந்தப் பித்தளைதானா?"

கணேசபாண்டியன் மெல்லத் தலையாட்டினான்.

காந்தத்தால் ஆகாது, கண்ணைத் திறந்துதான் எடுக்க வேண்டும், மத்தியானமே சொல்லியிருந்தால் இந்நேரம் எடுத்திருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே கை கழுவப் போனார் டாக்டர். "ஓய், நின்னுண்டிருக்காதீர். விளக்கைப் பிடியும்." இஞ்சினியர் விளக்கை எடுத்தார்.

பிரம்மநாயகம் மருமகன் மேல் பாய்ந்தார். "நான் தோலுக்காரன், எனக்குத் தெரியாது. பித்தளை காந்தத்துல ஒட்டாதுன்னு ஒமக்குத் தெரியும்லா? பெறகு ஏம்வே இவ்வளவு நேரம் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தீரு?"

"வண்டில வரும்போது, இரும்புத் தூளுன்னுதான் சொல்லணும்னு அந்த மணியிலயே எங்கைய வச்சு, அம்மன் மேல சத்தியம் வாங்குனது நீங்கதான மாமா."