நான்காம் மாடி வில்லை

செயலாளர் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில். மடியில் குடியிருப்போர் சங்கத்தின் கோப்பு.

வலப்பக்கம், தன் வீட்டு வாசலில் முக்காலி போட்டு, பொருளாளர் சகுந்தலா. இடப்பக்கம், கம்பிக் கதவுக்கு உள்ளே, அவர் மனைவி கோமளவல்லி. இரண்டு வாசலுக்கும் நடுச்சுவரில், ரூபாய்க் காசு அளவில் ஒரு கறுப்பு வில்லை. அதன் கீழே குத்தவைத்திருந்தான் வில்லையைப் பொருத்திய கம்பெனியின் ஆள் இம்மானுவேல்.

காவலாளி முத்திருளன் சலாம் வைத்துவிட்டு நின்றான். அவனுக்கு நாற்காலி போடவில்லை.

அவன் கையில் ஒரு கவர். சங்கத்துத் தபால்களைப் பெட்டியில் போடுகிறவன் அவன்தான். செயலாளர் என்ற முறையில் அவர் விடிந்ததுமே எழுதி, ஒட்டி, கொடுத்துவிட்டார். இந்தச் சோதனை முடிந்ததும் போடச் சொல்லியிருந்தார்.

'மேற்படி காவலரை உடனே மாற்றித் தரவும்.'

உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது.

மொட்டைமாடித் தொட்டியின் பித்தளை வால்வுகள் களவு போயிருந்தன. அங்கே போக இந்த ஒரு வழிதான். ரோந்து வருகிறவன் ஒவ்வொரு மாடியிலும் வில்லையில் போனைக் காட்ட வேண்டும். போன் கூவிப் பதிந்துகொள்ளும்.

மற்ற மாடிகளெல்லாம் இரவுதோறும் பதிவாகியிருந்தன. நான்காம் மாடி மட்டும் வெறுமை.

வராதவன். அல்லது, வந்ததைக் காட்ட விரும்பாதவன்.

"தொட்டேன் சார். சத்தியமா தொட்டேன். மத்த மாடியில கூவுது, இங்க மட்டும் ஊமையா நிக்குது."

"ஊமை மேல பழியப் போட்டா, அது வந்து சாட்சி சொல்லவா போகுது?" என்றாள் சகுந்தலா.

இம்மானுவேல் முத்திருளனின் ரோந்துப் போனை வாங்கி அணைத்து எழுப்பினான். ரோந்துச் செயலி மட்டும் வந்து நின்றது. வேறெதுவும் திறக்காதபடி பூட்டிய போன் அது. மேலுறையைக் கழற்றினான். வில்லையில் வைத்தான்.

சத்தமில்லை.

பையிலிருந்து வேறொரு வில்லையை எடுத்து வைத்தான். கூவியது.

"போன்ல குத்தமில்ல சார்."

எல்லாரும் முத்திருளனைப் பார்த்தார்கள்.

"நான் எதையும் நோண்டல சார்."

இம்மானுவேல் வில்லையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினான். வந்தது.

அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, அதே வட்டத்தில் வெட்டிய ஒரு செப்புத் தகடு. அதில் கட்டங்கள். கட்டங்களுக்குள் எழுத்து. ஓரத்தில் காய்ந்த குங்குமம்.

"பின்னாடி செம்பு இருந்தா இது செத்துரும் சார்."

தகட்டைப் பிரித்துத் தரையில் வைத்தான். வில்லையில் போனைக் காட்டினான்.

கூவியது.

சகுந்தலா முக்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "யாருக்கு வச்சது இது?"

குனிய யாருக்கும் துணிவில்லை. அவர் குனிந்தார். படித்தார்.

விருச்சிக ராசி. அனுஷ நட்சத்திரம்.

அவருடையது.

கம்பிக் கதவைப் பார்த்தார்.

"விடிஞ்சு பாத்தா நடுச்சுவத்துல கறுப்பா ஒன்னு ஒட்டியிருக்கு. என்னன்னு நெனைக்கிறது?" கோமளவல்லியின் கண் பக்கத்து வாசலுக்குப் போய்த் திரும்பியது. "ராத்திரி ராத்திரி யாரோ வந்து அத உரசிட்டுப் போற சத்தம் வேற. பயமா இருக்காதா? உங்களுக்கு ஒன்னும் ஆகக் கூடாதேன்னு மந்திரிச்ச தகட்ட அதுக்குப் பின்னாடி வச்சேன். இதப் பத்தி வீடு வீடா சுற்றறிக்கை விட்டீங்களே, நம்ம வீட்டுக்கு ஒன்னு விட்டீங்களா?"

விடவில்லை. வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர், செயலாளர் வீட்டுக்கு எதற்கு என்று இருந்துவிட்டார்.

ராத்திரி ராத்திரி வந்திருக்கிறான்.

அப்படியானால் வால்வுகள்?

இப்போது யாரும் முத்திருளனைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், இதப் போட்டுட்டு வந்துரட்டுமா?"

அவன் கவரைத் தூக்கிக் காட்டினான்.

திருப்பிக் கேட்டால் ஏன் என்று நினைப்பான். கேட்காவிட்டால், அவன் இடத்தில் வேறு ஆள் வந்து நிற்பான்.

"இங்க கொடு. ஒரு வரி விட்டுப்போச்சு."

முத்திருளன் உடனே நீட்டவில்லை. விலாசத்தைப் பார்த்தான். தன்னை வேலைக்கு அனுப்பிய காவல் கம்பெனியின் பெயர். பிறகு கொடுத்தான்.

செயலாளரின் கடிதத்தில் வரி விட்டுப்போனதை அந்தக் கட்டடம் கண்டதில்லை.

உள்ளே போய்ப் பழையதைக் கிழித்தார். புதுத் தாள் எடுத்தார். 'பதிவு இல்லாமைக்குக் காவலர் பொறுப்பல்ல. அவரே பணியில் தொடர வேண்டுகிறோம்.'

காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

'சுவர்க் கோளாறு' என்று எழுதினார்.

மடித்துக் கவரில் போட்டார். பசைக் குப்பியைத் திறந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தார். மூடினார்.

ஒட்டாத கவரையும் குப்பியையும் சேர்த்து நீட்டினார்.

"நீயே ஒட்டிப் போட்டுரு."

முத்திருளன் திறந்து கிடந்த கவரைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். போனை வாங்கிக்கொண்டு இறங்கினான்.

படியில் செருப்புச் சத்தம். மூன்றாம் மாடியில் நின்றது.

படிக்கிறானோ?

போன் கூவியது.

கூவிய பிறகும் செருப்பு நகரவில்லை.

பிறகு இறங்கியது.

அவர் கைப்பிடிச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தார். தெருமுனையில் சிவப்புப் பெட்டி. அதன் தலைமேல் குப்பியை வைத்து, முத்திருளன் கவரின் மடிப்பைப் பெருவிரலால் தேய்த்து ஒட்டினான். திருப்பிப் பார்த்து, இன்னொரு முறை தேய்த்தான்.

தலையைத் தூக்கினான். நான்காம் மாடியில் அவர் நிற்பது தெரிந்தது.

சலாம் வைக்கவில்லை.

கவரைப் பெட்டிக்குள் போட்டான்.