எஞ்சின் இல்லாத வான்

எஞ்சின் இல்லாத வான் வண்டியைத் தினமும் கழுவுகிற ஒரு மனிசனை, தியாகராசா தன் ஐம்பத்தெட்டு வயதில் இப்போதுதான் கண்டார்.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் அவர் குடியிருந்தது மாடியில். கீழ்வீட்டில் ஹியூபேட், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துபாயில் இருக்கும் மகள் அவருக்கு தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுகிற ஒரு பிறஷர் வோஷர் மெசின் அனுப்பியிருந்தாள். மூன்று மாதமாக, காலை ஆறரை ஆனால் போதும், முற்றத்தில் நிற்கிற அந்த வானைக் கழுவ மெசின் அலறத் தொடங்கிவிடும்.

ரேடியோவில் செய்தி வாசிக்கிற நேரமும் அதுதான். 2008ஆம் ஆண்டு. வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. செய்தி கேட்காவிட்டால் தியாகராசாவுக்குச் சோறு இறங்காது.

"கழுவிக் கழுவி அந்த வான் என்ன ஓடப்போகுதே?" என்று மனைவி நாகேஸ்வரியிடம் பொரிந்து தள்ளினார்.

அவள் துவாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். அவள் குளிக்கிற நேரம் அது.

இப்போதெல்லாம் அவள் அதிகம் கதைப்பதில்லை. மூன்று மாதத்துக்கு முன் வவுனியாவிலிருந்து ஒரு போன் வந்தது. இயக்கத்துக்குப் போன ஒரே மகன் சண்டையில் செத்துப்போனான் என்றார்கள். அலறப் போன நாகேஸ்வரியின் வாயைத் தியாகராசா கையால் பொத்தினார்.

"கீழ கேக்கும். அவன் லண்டனில படிக்கிறான் எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறம். பொலிசுக்குத் தெரிஞ்சால் ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான். அழாதை."

அவள் அழவில்லை. அன்றிலிருந்து அவர் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. நல்ல நெஞ்சுரம் என்று தியாகராசாவுக்கு உள்ளுக்குள் பெருமைகூட உண்டு.

அன்று காலை மெசின் சத்தத்தைப் பொறுக்க முடியாமல் கீழே இறங்கிப் போனார். ஹியூபேட் அப்போதுதான் சுவிட்சை நிற்பாட்டியிருந்தார். ஆனாலும் குழாயின் விசையை அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிப்பாட்டின பிறகும் ஏன் அமத்திறியள்?"

"உள்ளுக்க பிறஷர் அடைபட்டு நிக்கும் அண்ணன். அத வெளிய விடாட்டி சீல் வெடிச்சு மெசினே போயிரும்."

"மெசினை வடிவாப் பாக்கிறியள். மேல இருக்கிற மனிசரையும் கொஞ்சம் பாருங்கோ. நாளையிலயிருந்து காலமையில இது வேண்டாம்."

ஹியூபேட் மாடிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். "பத்து நிமிசம் மட்டும் போடட்டா?"

"ஒரு நிமிசமும் வேண்டாம். போட்டால் பொலிசுக்குச் சொல்லுவன்."

"பொலிஸ் வேணாம் அண்ணன். அவங்க வந்தா மேல் வீட்டையும்தான் தட்டுவாங்க."

"வெருட்டுறீரோ?" என்று கேட்டுவிட்டுத் தியாகராசா விறுவிறு என்று படியேறினார்.

மறுநாள் முற்றத்தில் சத்தம் இல்லை. தியாகராசா செய்தியை ஒரு சொல் விடாமல் கேட்டார். நாகேஸ்வரி துவாயோடு குளியலறை வாசலில் நின்றாள்.

"இண்டைக்கு மெசின் போடேல்லையே?"

"நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துவாயைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போனாள்.

அடுத்தடுத்த நாள்களில் அவளுக்குச் சாப்பாடு செல்லவில்லை. நாலாம் நாள் படுக்கையை விட்டே எழும்பவில்லை.

"நெஞ்சுக்குள்ள ஏதோ நிக்குதப்பா," என்றாள்.

டொக்டரிடம் கொண்டு போக ஓட்டோ பிடிக்கலாமென்று தியாகராசா கீழே ஓடினார். விசயத்தைக் கேட்ட ஹியூபேட், மெசினைச் சுற்றியிருந்த பொலித்தீனை அவசரமாக அவிழ்த்தார்.

"ஓட்டோ நான் பிடிச்சுத் தாறேன். அதுக்கு முதல் அஞ்சு நிமிசம் இதப் போட விடுங்க."

"உமக்கென்ன விசரே? அங்க மனிசி படுத்துக் கிடக்கிறா."

ஹியூபேட் குரலைத் தாழ்த்தினார். "உங்கட பாத்ரூம் யன்னல் எங்கட முத்தத்துக்குத்தான் தொறக்குது அண்ணன். அக்கா துவாய வாயில வச்சு அழுதாலும் எங்களுக்குக் கேக்கும். எங்களுக்குக் கேட்டா அடுத்த வீட்டுக்கும் கேக்கும். அதான் மெசினப் போட ஆரம்பிச்சேன். சத்தம் வந்தாத்தான் அக்கா துவாய வாயிலருந்து எடுத்துட்டு அழுவாங்க."

"அது... மகன் லண்டனில..." தியாகராசாவின் வாய் பழக்கதோசத்தில் தொடங்கியது.

"லண்டன்ல படிக்கிற புள்ளைக்கு யாரும் அப்பிடி அழமாட்டாங்க," என்றார் ஹியூபேட், தரையைப் பார்த்தபடி. "நாங்க யார்ட்டயும் சொல்லல்ல, அண்ணன்."

சுவிட்சைப் போட்டார். மெசின் அலறியது. கொஞ்ச நேரத்தில் மேலே குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம். பிறகு, யன்னலுக்கு நேர் கீழே நின்றதால் மட்டும் கேட்கக்கூடியதாக, "என்ர ராசா... என்ர ராசா..." என்று நாகேஸ்வரியின் குரல்.

மூன்று மாதமாகக் கீழ்வீட்டுக்காரருக்குத் தெரிந்த அழுகை. பக்கத்தில் படுத்தவருக்குத் தெரியவில்லை. அவள் வாயைப் பொத்திய தன் கையைப் பார்க்கவே தியாகராசாவுக்கு வெட்கமாக இருந்தது.

ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த வானை ஹியூபேட் ஒரு சுற்றுக் கழுவி முடித்தார். மேலே சத்தம் அடங்கியது. அவர் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"நிப்பாட்டாதேங்கோ ஹியூபேட்," என்றார் தியாகராசா. "இப்ப எனக்கு வேணும்."