சொந்தச் சாவுக்கு வாசித்தவர்

"என் சவ ஊர்வலத்துக்கு நானேதான் முன்னால போய் பேக்பைப் வாசிச்சேன். ஒரு ஸ்வரம் பிசகலை!" என்றபடி கூடாரத்துக்குள் நுழைந்தார் அந்தக் கிழவர்.

மெக்ஃபீ குலத்தின் கூடாரமே அதிரச் சிரித்தது. ஒருவர் வாயிலிருந்த ஓட்கேக் பிஸ்கட் தூள் எதிரே நின்றவரின் கட்டம்போட்ட கில்ட் பாவாடை மடிப்பு வரை பறந்தது. கனடாவின் கேப் பிரெட்டனில் ஸ்காட்லாந்து வம்சத்தார் வருஷா வருஷம் நடத்தும் குல விழாவில் புளுகுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் செத்துப்போய்த் திரும்பி வந்து புளுகியவர் இவர்தான் முதல்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, குலப் பதிவேட்டை நாற்பது வருஷமாகக் காத்து வரும் எஃபி. அத்தாட்சி இல்லாவிட்டால் கண்ணெதிரே வீறிடும் குழந்தையைக்கூடப் பிறந்ததாக ஒத்துக்கொள்ள மாட்டாள். இன்னொருவர் அவள் புருஷன் மர்டோ.

எஃபி ஒரு காதிலிருந்த பஞ்சை மட்டும் எடுத்தாள். "உங்க பேரு?"

"லாக்லன் மெக்ஃபீ. ரானல்டோட மகன். உங்க பதிவேட்டுல செத்தவங்க பக்கத்துல இருக்கேன். அதை அடிச்சிட்டு, உயிரோட இருக்கிறவங்க பக்கத்துல எழுதிக்கணும். அதுக்குத்தான் நியூசிலாந்திலிருந்து வந்தேன்."

ரானல்டின் மகன் லாக்லன், எஃபிக்கு முதலில் நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை; தோல்பை வாத்தியமான பேக்பைப் வாசிப்பவன். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் பிணம் பாஸ்டனிலிருந்து ஆணியடித்த பெட்டியில் வந்தது. மூன்றே மாதத்தில் எஃபி மர்டோவைக் கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து, தன் வீட்டில் தான் இரண்டாவது ஆள்தான் என்று மர்டோவுக்கு ஒரு சந்தேகம். லாக்லன் பேச்சை எடுத்தாலே எஃபி எழுந்து போய்விடுவாள். வீட்டில் பேக்பைப் சத்தமே ஆகாது. இப்போதுகூட வெளியே வாத்தியக் கோஷ்டி ஒத்திகை பார்க்கிறது என்று காதில் பஞ்சு. செத்தவன் ஞாபகம் தாங்காமல்தானே? அவனே உயிரோடு வந்து நின்றால்?

"உங்க முன்னோர் பேரைச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்றாள் எஃபி.

கப்பலேறி வந்த முதல் மெக்ஃபீ வரை ஏழு தலைமுறையையும் கிழவர் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

"கல்லறையில எழுதியிருக்கு. நேத்து சாயங்காலம் போய் மனப்பாடம் பண்ணியிருப்பாரு. சரி, அப்ப அந்தப் பெட்டியில இருந்தது யாராம்?"

"கெட்டில் லாக்லன்! பாஸ்டன்ல அப்ப நம்ம ஊர் லாக்லன் மெக்ஃபீ மூணு பேரு. சிவப்பு லாக்லன், கெட்டில் லாக்லன், நானு. தந்தியில பட்டப்பேரா போடுவான்? வெறும் லாக்லன் மெக்ஃபீன்னு வந்திருக்கு. ஊர்ல எல்லாரும் நான்தான்னு முடிவு பண்ணிட்டீங்க."

கிழவருக்கு உற்சாகம் ஏறியது. "இது தெரியாம அன்னைக்குன்னு பார்த்து பைப் பெட்டியோட ரயிலை விட்டு இறங்கறேன். ஊருக்குப் புதுசா வந்த பாதிரியார் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'பைப் வாசிக்கிறவனுக்குக் காய்ச்சல். லாக்லனை அடக்கம் பண்ணணும், வாப்பா'ன்னாரு. சரி, கெட்டில் போய்ச் சேர்ந்துட்டான்னு நினைச்சு வாசிச்சேன்."

"பின்னால ஊரே வந்துச்சே, யாரும் பார்க்கலையாக்கும்?"

"பின்னால வந்தவங்க முதுகைத்தானம்மா பார்ப்பாங்க! அதுவும் அந்த மூடுபனியில என் மூக்கு எனக்கே தெரியலை."

"அன்னைக்கு வாசிச்சது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் எஃபி கூட்டத்தைப் பார்த்து. "அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சுப் புகுந்திருக்காரு."

"முழுசாக் கேளும்மா. குழிமேட்டுல பாதிரியார் பேரைப் படிக்கிறாரு. லாக்லன், ரானல்டோட மகன், ஏனியஸோட பேரன்... அடப்பாவிகளா, நான்! கத்தலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள, எனக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு அவ தங்கச்சி காதுல கேலிக் பாஷையில ஏதோ முணுமுணுத்தா. என் காதுலயும் விழுந்துடுச்சு. திறந்த வாயை மூடிக்கிட்டேன்."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"அடக்கம் முடிஞ்சா, பைப் வாசிக்கிறவன் வாசிச்சுக்கிட்டே மலையேறிப் போகணும், திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதானே நம்ம வழக்கம்? எனக்கும் அழுறதுக்கு அப்பா அம்மா கிடையாது. போனேன். நியூசிலாந்து வரைக்கும் திரும்பிப் பார்க்கலை."

மர்டோ முன்னால் வந்தார். ஐம்பத்திரண்டு வருஷமாக எதற்குப் பயந்தாரோ, அது இப்போது வரப்போகிறது. "அவ... என்ன சொன்னா?"

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "'அப்பாடா, இனி அந்தப் பைப் சத்தத்தைக் கேட்க வேண்டாம். நான் மர்டோவையே கட்டிக்கலாம்'னா."

கூடாரம் மறுபடியும் அதிர்ந்தது. "புளுகுக்கும் ஒரு அளவு வேணாமாய்யா!" என்று யாரோ தொடையைத் தட்டினார்கள்.

மர்டோ மட்டும் பெண்டாட்டியைப் பார்த்தார். அதைக் காதில் வாங்கிய தங்கை இறந்தே இருபது வருஷம் ஆகிறது; வேறு யாரும் இவருக்குச் சொல்லியிருக்க முடியாது. எஃபியின் முகம் கழுத்திலிருந்து காது வரை சிவந்திருந்தது. பதிவேட்டைப் புரட்டி, செத்தவர்கள் பக்கத்தில் ஒரு பெயரைக் கோடு கிழித்து அடித்தாள்.

"நிஜம்தான். நான் அப்படித்தான் சொன்னேன்."